சனிக்கிழமைப் பிசுக்கு

"தலையா இது? வழிச்சு ஊத்துனா அப்பளம் பொரிச்சிறலாம்."

பழனிசெட்டிபட்டியில் சாராள் நடத்தும் பியூட்டி பார்லருக்குள் நுழையும்போதே ராஜமணி மருமகளைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள். அவள் வாய் ஊரறிந்தது. மருமகள் கௌமாரி குனிந்த தலை நிமிராமல் பின்னால் வந்தாள்.

சாராளுக்குச் சுருக்கென்றது. போன சனிக்கிழமையும் இதே பிசுக்கு, அதற்கு முந்தின சனிக்கிழமையும் இதே பிசுக்கு. தேனிப்பக்கம் கண்டிஷனர் என்ற பேச்சே அப்போதுதான் கிளம்பியிருந்தது. சாராள் கொடுத்ததைப் போட்டு இப்படி ஆகிவிட்டது என்று நாலு பேர் சொன்னால் போதும், கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"எத்தனை தடவை சொல்றது? ஷாம்புதான் மண்டைக்கு. கண்டிஷனர் காதுக்குக் கீழ, நுனி முடியில மட்டும். ரெண்டு நிமிஷம் விட்டு, வழவழப்புப் போக அலசிறணும். நீ எண்ணெய் மாதிரி வேர்ல தேச்சு அப்படியே விட்டிருக்க."

கௌமாரி எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். பி.காம். படித்த பெண்ணுக்கு இதுகூடவா ஏறாது? மாமியார் படுத்துகிற பாட்டில் தலை அலசக்கூட நேரமில்லை போல என்று சாராள் முடிவே கட்டிவிட்டாள்.

தலையை அலசிவிட்டதும் கௌமாரி வழக்கம்போல ஃபேனுக்கு அடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே சுருளிப்பட்டி சந்தனம்மாள் இருந்தாள். வாராவாரம் வந்து மருதாணிப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பாள். கௌமாரியின் ஈர முடியை அவள்தான் விரலால் கோதிக் காயவைத்தாள்.

சாராள் ராஜமணியிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

"அடுத்த வாரம் நீங்க அலையவேண்டாம்க்கா. நானே உங்க வீட்டுக்கு வந்து, பக்கத்துல நின்னு அலசக் கத்துக்குடுக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க இங்கன வர வேலையே இருக்காது."

ராஜமணியின் முகம் செத்துப்போனது. சாராளின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"வீட்டுக்கு மட்டும் வந்துறாத தாயி. இவ மேல தப்பில்ல. வெள்ளிக்கிழமையானா நாந்தான் அந்தக் கண்டிஷனர வேர்ல தேச்சு விடுறேன்."

"நீங்களா? எதுக்கு?"

"பெஞ்சுல உக்காந்திருக்காகள்ல, அவுகதான் இவளப் பெத்த ஆத்தா. வீரபாண்டித் திருவிழாவுல ஆம்பளைச் சம்பந்திக ரெண்டு பேரும் மொத மரியாதைக்குச் சண்ட போட்டாக. அன்னையிலருந்து தாயும் மகளும் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாக. தலை பிசுபிசுங்குதுன்னு நான் கத்துனாத்தான், பார்லருக்குப் போய்த் தொலைங்கன்னு விடுறாக. தலை சரியாப் போச்சுன்னா என்னத்தச் சொல்லிக் கூட்டியாறது?"

சாராள் திரையை விலக்கிப் பார்த்தாள். முடி எப்போதோ காய்ந்துவிட்டது. சந்தனம்மாள் இன்னும் கோதிக்கொண்டுதான் இருந்தாள்.

கிளம்பும்போது புது பாட்டில் ஒன்றை எடுத்துக் கௌமாரியின் கையில் வைத்தாள் சாராள். குரல் மட்டும் பழையபடி அதிகாரமாகவே இருந்தது.

"நல்லாக் கேட்டுக்க. வேர்ல அழுத்தித் தேய்க்கணும். அலசவே கூடாது."