நடுச்சுவர்

"ஒரு சுவருக்குக் கணக்குப் போட ஒரு வாரமாம்மா?"

காண்ட்ராக்டர் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தால் அப்படித்தான்.

எஸ்டிமேட் போடும் பெண்ணுக்கு ஆபீஸில் 'மின்னல்' என்று பெயர். வீட்டு வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, மணல் எவ்வளவு என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு குறுக்குச் சுவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

"சாப்ட்வேர் தகராறு பண்ணுது சார். மறுபடி அளக்கணும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

வேலை சின்னதுதான். அம்மா விட்டுப்போன வீட்டை அக்காவும் தங்கையும் பிரித்துக்கொள்கிறார்கள். கூடத்துக்கு நடுவே ஒரு சுவர் எழுப்ப வேண்டும். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுவர் அவசரம் என்பதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

"இன்னைக்கு நானும் வர்றேன்," என்றார் காண்ட்ராக்டர். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கையோடு கணக்கையும் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

போன இடத்தில் மின்னல் டேப்பை எடுத்தாள். "பெரியக்கா, நீங்க கீழ்முனையைப் பிடிங்க. சின்னக்கா, நீங்க ஸ்டூல்ல ஏறி மேலே பிடிச்சுக்கோங்க."

காண்ட்ராக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கொடுத்தவர்களையே வேலை வாங்குகிறாளே.

"எவ்வளவு வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க பெரியக்கா."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு வருது?"

தங்கை ஏதோ முணுமுணுத்தாள். அக்காவுக்குக் காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்வதற்காகத் தங்கை குனிந்தபோது ஸ்டூல் ஆடியது.

"ஏய், பார்த்துடி." டேப்பை விட்டுவிட்டு அக்கா பாய்ந்து வந்து தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டாள். டேப் சர்ரென்று சுருண்டு மேலே போய்விட்டது.

"நீ விட்டுட்டே. இப்ப முதல்லேர்ந்து அளக்கணும்."

"அளந்தாப் போச்சு. ஆடாம நில்லு."

பிடித்த காலை அக்கா இன்னும் விடவில்லை.

காண்ட்ராக்டர் மின்னலை வாசலுக்குக் கூட்டிப் போனார். "உண்மையைச் சொல்லு. சாப்ட்வேருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். கணக்கு முதல் நாளே வந்துடுச்சு."

"அப்புறம் ஏம்மா இந்தக் கூத்து?"

"அன்னைக்குச் சாயங்காலம் பெரியக்கா போன் பண்ணாங்க. பின்னாடி ஒருநாள் இந்தச் சுவரை இடிச்சா தரை கெட்டுப்போகுமான்னு கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுச் சின்னக்கா கூப்பிட்டாங்க. அவங்களும் அதையேதான் சார் கேட்டாங்க."

காண்ட்ராக்டர் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "சார், கணக்கு இன்னைக்காவது முடிஞ்சிடுமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கேம்மா முடியுது, இந்தச் சாப்ட்வேர் ரொம்பப் படுத்துது. நாளைக்கும் வந்து அளக்கணும். ரெண்டு பேரும் இருந்தாத்தான் ஆகும்."