விருதுக் குழு கேட்ட பாட்டு

கிரிக்கெட் மைதானத்தின் மழைநீர்த் தொட்டியில், மூலையிலிருந்த ஈரத்தில் ஒரு தவளை ஒண்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து குழாய் பொருத்த எல்லாரும் மறந்துவிட்டதால் தொட்டியில் மழைநீர் சேர்ந்ததே இல்லை.

ஒருநாள் காலையில் தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பியது.

“தண்ணி எங்கேருந்துண்ணே?” என்று தவளை கேட்டது.

“பக்கத்து ஊர் ஏரியிலேருந்து. இன்னைக்குப் பசுமை விருதுக் குழு பார்க்க வருதாம்” என்றது லாரி.

“அந்த ஏரியிலதானே எங்க அக்கா இருக்கா?”

“அங்கே இப்போ வெறும் சேறுதான். நான் கிளம்பும்போதே கொக்கெல்லாம் இறங்கிடுச்சு.”

தவளை துக்கம் தாங்காமல் ஓயாமல் கத்தியது.

அப்போது விருதுக் குழு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

“மழைநீரைச் சேமிச்சா தவளைகூட எவ்வளவு சந்தோஷமாப் பாடுது, பாருங்க” என்றார் குழுத் தலைவர்.

மைதானத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.