எத்தனையாவது வளையம்?

ஒரு காட்டில் இருந்த மரங்கொத்தி, வேங்கை மரத்தின் வயதைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் இறங்கியது. மரத்தைக் குடைந்துகொண்டே போய், உள்ளே இருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வழிகாட்டியான கொக்கு எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும். "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாப் போ" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடும்.

பக்கத்துக் கிளை அணில் தினமும் காலையில் துளையருகே வந்து நிற்கும்.

"எத்தனையாவது வளையம் தம்பி?"

மரங்கொத்தி எண்ணைச் சொல்லும்.

"எப்பத்தான் முடிப்பே? உனக்கு அப்புறம் வந்த குருவி கூடு கட்டிக் குஞ்சே பொரிச்சிட்டா!"

உள்ளிருந்து சிரிப்பு வரும். நாளாக ஆக, சிரிப்பு நின்றுபோய் எண் மட்டும் வந்தது.

ஒருநாள் காலை கொத்தும் சத்தமே கேட்கவில்லை.

"எத்தனையாவது வளையம் தம்பி?"

"நாற்பது, அக்கா."

நேற்றும் நாற்பதுதான், போன மாதமும் நாற்பதுதான் என்பது அணிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதை விடு. நீ எப்படிடா இருக்கே?"

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"வெளியே இப்போ பகலா, அக்கா?"

நல்ல வெயிலில் நின்றிருந்த அணில், கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டு அந்த இருட்டுக்குள் இறங்கியது.