தேவானை வைத்த பானை

"கீழ இறங்கி வாய்யா! மாடியில நின்னுக்கினு இன்னா எட்டிப் பாக்குறே?"

தேவானை போட்ட சத்தத்தில் கொட்டிவாக்கத்தின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் கோதண்டபாணி தோளில் துண்டோடு படியிறங்கினார். "காலங்காத்தால இன்னாம்மா?"

"நீ எந்தத் தண்ணி குடிக்கிறே?"

"கேன் தண்ணி. அதுக்கு இன்னா இப்போ?"

"மேல உனக்குக் கேன் தண்ணி. கீழ குடியிருக்கிற எங்களுக்கு போர் தண்ணி. ஏ கயலு, இங்க வா. கையைக் காட்டு இவருக்கு."

மகள் கயல் தயங்கித் தயங்கி உள்ளங்கைகளை விரித்தாள். பத்து வயசுப் பெண்ணின் கையா அது? சொரசொரவென்று, அங்கங்கே காய்ப்புக் காய்த்துத் தடித்துக் கிடந்தது.

கோதண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன மாசம் அடையாறு டாக்டரம்மாதான் அந்தக் கையைப் பார்த்ததும் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அதில் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பதாக முடிவு வந்தது.

"நான் கொதிக்க வெச்சுத்தானே மேடம் குடுத்தேன்! பாதியா சுண்டுற வரைக்கும் அடுப்பை அணைக்க மாட்டேனே!" என்று அவரிடம் பதறினாள் தேவானை.

"கொதிச்சா கிருமிதாம்மா சாகும். ஆர்சனிக் எங்கேயும் போகாது. சுண்டச் சுண்ட தண்ணியில அதோட அளவுதான் ஏறும். இது ஒரு நாள், ரெண்டு நாள் குடிச்சு வந்ததில்ல. வருஷக்கணக்கா உடம்புல சேர்ந்திருக்கு. இப்படியே விட்டா பின்னாடி புற்றுநோயில கொண்டுபோய் விட்டுடும்."

பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே காய்ச்சிக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். அந்த வயிற்றெரிச்சல்தான் இப்போது வாசலில் நின்று கத்தியது.

"உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதானே நீ மட்டும் கேனுக்கு மாறிக்கினே?"

"சொன்னா காலி பண்ணிக்கினு போயிடுவீங்கன்னு..." கோதண்டபாணி மென்று விழுங்கினார்.

"அடப்பாவி! விஷம்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்துட்டியே! உன் வூட்டுப் புள்ளையா இருந்தா குடுத்திருப்பியா? நீயெல்லாம் மனுசனாய்யா?"

தெரு மொத்தமும் அவள் பக்கம் நின்றது. கோதண்டபாணி அலைந்து திரிந்து மெட்ரோ வாட்டர் இணைப்பு வாங்கிக் கொடுத்தார். குடிக்க, சமைக்க அந்தத் தண்ணீர். தரை கழுவவும் கக்கூசுக்கும் போர் தண்ணீர் என்று ஆனது. மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தேவானை அதில் ஒரு சொட்டு சிந்த விடமாட்டாள்.

அடுத்த கோடைக்குள் கயலின் கை மெல்ல மெல்ல மிருதுவாகிவிட்டது. "பயம் விலகிடுச்சு. ஆனா விடாம வந்து காட்டணும்" என்றார் டாக்டரம்மா.

தேவானை அம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். கத்திரி வெயில் தொடங்கிய அன்றே அதை நிறைவேற்றினாள். வாசலில் மணல் பரப்பி, புது மண்பானை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, உள்ளே வெட்டிவேர் போட்டாள். சங்கிலி கட்டிய எவர்சில்வர் டம்ளர் வேறு.

தள்ளுவண்டியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அன்வரி பேகம்தான் முதலில் குடித்தாள்.

"ஜில்லுனு கீதும்மா. இந்தக் காலத்துல யாரு ஊருக்குத் தண்ணி வெக்கிறாங்க? உன் பொண்ணு நூறு வயசு நல்லா இருப்பா."

தேவானைக்குக் கண் கலங்கிவிட்டது.

"வூட்ல புள்ளைங்களுக்கு ஒரு பாட்டில் புடிச்சுக்கட்டுமா? கேன் வாங்கிக் கட்டுப்படி ஆவல."

"அதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா? தெனம் வந்து புடிச்சிக்கோ." தேவானை பாட்டிலை வாங்கித் தன் கையாலேயே மொண்டு ஊற்றினாள். "மெட்ரோ தண்ணின்னாதான் யோசிக்கணும். இது போர் தண்ணிதானே!"