கேரவனுக்குள் ஷரீபுன்னிசா

அருள்புரத்து ஷோரூம் வாசலில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் புதுக் கேரவன் ஒன்று வெயிலில் பளபளக்கிறது. பனியன் கம்பெனி முதலாளி நஜீமுதீன் அதன் ஜன்னல் திரையைப் புரட்டி, விரலால் தேய்த்து, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். விலை முடியும்வரை, சரக்கு பிடித்திருப்பது முகத்தில் தெரியக் கூடாது. வரும் வழியெல்லாம் மனைவி ஷரீபுன்னிசாவுக்கு அவர் ஓதிய பாடம் அது. "ஒரு தடவை துவைச்சா சுருங்கிப் போயிருமுங்க" என்கிறார். ஷோரூம் விற்பனையாளர் சரவணக்குமார், "பாய், நீங்க வாங்கறது வண்டிங்க, பனியன் இல்லீங்க" என்று சிரிக்கிறார். நஜீமுதீன் முகம் இளகவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்று சரவணக்குமார் வாயைத் திறக்கிற நேரத்தில், கேரவனுக்குள்ளிருந்து குரல் வருகிறது. "ஏனுங்க! அடுப்புக்கு நேரா ஜன்னலுங்க! கடற்கரையில நிறுத்துனா சோறாக்கிட்டே கடலைப் பாக்கலாமுங்க!" அடுத்து, மெத்தையில் தொப்பென்று விழும் சத்தம், வளையல் குலுங்க ஒரு சிரிப்பு. சரவணக்குமார் திறந்த வாயைப் பத்திரமாக மூடிக்கொள்கிறார். நஜீமுதீன் வாசலில் நின்று கண்ணாலேயே அதட்டப் பார்க்கிறார். அவளோ கண்ணை மூடி மல்லாந்து கிடக்கிறாள். அவர் உதடு மெல்ல விரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறுகிறார். "கொஞ்சம் தள்ளிப் படு, ஷரீபு. ரெண்டு பேருக்குப் பத்துமான்னு பாக்கோணுமல்ல?"