டெலிட் பட்டன் கிடையாது

“அதை எடுத்துடு” என்றார் மேனேஜர், மறுபடியும்.

இரவுப் பணி முடிந்து வெளியே வந்த என்னை, கையுறையைக் கழற்றக்கூட விடாமல் மாடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். குளிர்கிடங்கில் விடிய விடியப் பெட்டி அடுக்கியவனுக்கு அவர் அறையின் ஏசி வெயில் மாதிரி இருந்தது.

பக்கத்து நாற்காலியில் மாமா. அக்காவின் கணவர். இதே கிடங்கில் லாரி ஓட்டுகிறார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த என்னை இங்கே சேர்த்துவிட்டவர். என் வேலைக்கு ஆபத்து என்றால் அவருடையதும் ஆட்டம் காணும். அதற்காகத்தான் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். உறைகுளிர் அறையின் கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அது உடைந்திருந்தது. எங்களோடு வேலை பார்த்த, ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் பையன் உள்ளே மாட்டிக்கொண்டான். ஆளைக் காணோமே என்று தேடிக் கதவைத் திறந்தபோது அவன் விரல்நுனிகள் கறுத்திருந்தன.

கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது, அவனுக்குத்தான் திறக்கத் தெரியவில்லை என்றார்கள். அலட்சியம் என்று பட்டம் கட்டி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் கதவுக்குப் புதுக் கைப்பிடி வந்தது.

பழைய கைப்பிடியை நான் படம் எடுத்து வைத்திருந்தேன்.

எல்லோரும் இருக்கிற தளத்தில்தான் முதலில் போட்டேன். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் ரிப்போர்ட் அடிக்கச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் பதிவு போனது. மறுபடி போட்டேன், கணக்கே போனது. வேறு பெயரில் வந்தேன், அதுவும் போனது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிறவன் நிலைமை.

பிறகுதான் பிளாக்செயின் தளத்தில் சேர்ந்தேன். அதற்கு முதலாளி கிடையாது. நாம் எழுதுவது எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதியாகிக் கிடக்கும். ரிப்போர்ட் அடித்தால் கேட்க ஆள் இல்லை. டெலிட் பட்டனும் இல்லை. எழுதினவனுக்கே இல்லை.

சேர்ந்த புதிதில் ஆளில்லாத மண்டபத்தில் மைக் பிடித்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று மாறியது. பழைய இடத்தில் எதையாவது போடுவேன், நாலு பேர் லைக் போடவில்லையென்றால் எடுத்துவிடுவேன். யாராவது முறைத்தாலும் எடுத்துவிடுவேன். இங்கே என் முதல் பதிவிலேயே ஓர் எழுத்துப்பிழை. அது நான் செத்த பிறகும் இருக்கும். அன்றிலிருந்து எதை எழுதுவதானாலும், இதை நாளைக்கு என் முகத்துக்கு நேரே ஒருவன் வாசித்தால் நின்று பதில் சொல்வேனா என்று யோசிக்கிறேன். பாதியை எழுதாமலே விட்டேன். எழுதியதில் எதற்கும் வெட்கமில்லை.

கைப்பிடிப் படத்தையும் அங்கே போட்டேன். அது வேறெங்கோ எடுத்த படம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போன வாரம் வரை அவ்வளவுதான் நடந்திருந்தது.

மேனேஜர் தண்ணீர் குடித்தார். பகல் பணிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறதாம். அந்தக் குரலில் அவர் என்னோடு பேசியதே இல்லை. பெண் கேட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

எடுக்க முடியாது சார் என்றேன்.

மனசில்லையா என்றார்.

வழியில்லை என்றேன். வழி இருந்தாலும் மனசில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். “டேய், பெரிய மனுஷன் இவ்ளோ இறங்கி வந்து கேக்குறாரு. உங்க அக்கா மூஞ்சிக்காகவாவது எடுத்துத் தொலைடா.”

மாமா கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அன்று மறுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. தன் போனை என் பக்கம் நீட்டினார்.

“நீ எடுத்தா, அதுக்குக் கீழ இருக்கிறதும் சேர்ந்து போயிடும்ல?”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. அதனால் சத்தமாக வாசித்தேன்.

என் படத்துக்குக் கீழே ஒரே ஒரு கமெண்ட். ஞாயிற்றுக்கிழமை போட்டது. என்னைத் திட்டுவதற்கென்றே மேனேஜர் அந்தத் தளத்தில் சேர்ந்திருந்தார். பயப்படட்டும் என்று தன் பெயர், படம், பதவி எல்லாம் போட்டிருந்தார். “அந்தக் கைப்பிடி மாசக்கணக்கா உடைஞ்சுதான் கிடந்தது, எனக்கே தெரியும், அவனவன் வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கலையா, உனக்கு மட்டும் என்ன வந்தது, நாளைக்கு இந்தப் பக்கம் வந்துடாதே.”

திங்கட்கிழமை நான் வழக்கம்போல வேலைக்கு வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

கோபம் தணிந்ததும் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். பழைய தளத்துப் பழக்கம்.

வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

“இருக்கு சார். உங்க கமெண்டுக்குக் கீழயே, ‘நான் சொன்னது பொய்’னு நீங்களே எழுதுங்க. அதுவும் அழியாது.”

மாமாதான் முதலில் எழுந்தார். ஒல்லியின் வீடு எந்தத் தெருவில் என்று, மேனேஜர் முன்னாலேயே, என்னிடம் கேட்டார்.