ஹிட் என்ற வினைச்சொல்

ஞாயிறு மதிய வெயில் சாப்பாட்டு மேசையில், விரித்து வைத்த ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் மேல் விழுகிறது. "ஹிட்னா அடிக்கிறது. இதோட இறந்தகாலம் சொல்லு," என்கிறார் அப்பா. அவர் கையில் இரும்பு ஸ்கேல். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. "ஹிட்டெட்," என்கிறாள் மகள். ஸ்கேல் அவள் விரல் முட்டிகளில் இறங்குகிறது. "இறந்தகாலம்னா கடைசியில ஈடி சேர்க்கணும்னு நீங்கதானேப்பா சொன்னீங்க." "எல்லாத்துக்குமா சேர்ப்பாங்க? இதுக்கு நேத்தும் ஹிட்தான், இன்னைக்கும் ஹிட்தான். மாறவே மாறாது." சிவந்து வீங்கிய அதே முட்டிகளில் மறுபடி ஓர் அடி. மூன்றாவதற்கு ஸ்கேல் உயரும்போது, சமையலறையிலிருந்து வந்த அம்மா ஈரக் கையால் அதைப் பிடித்துக்கொள்கிறாள். அவர் வெடுக்கென்று இழுக்கிறார். விளிம்பு அவள் உள்ளங்கையைக் கிழிக்கிறது. ரத்தம் மணிக்கட்டில் வழிந்து புத்தகத்தில் சொட்டுகிறது. "விடுடி. உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "தெரியாது. அடிக்கிறது யாரு, வாங்குறது யாருன்னு தெரியுது. அது போதும்." அவர் இன்னும் பலமாக இழுக்கிறார். அம்மாவின் பிடி இறுகுகிறது, ரத்தம் கூடுகிறது. மகள் நாற்காலியை விட்டு எழுகிறாள். ஓடிவிடுவாள் என்றுதான் அவர் நினைக்கிறார். அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, வீங்கிய விரல்களால் ஸ்கேலைப் பற்றி இழுக்கிறாள். அப்பாவின் கை வெறுமையாகிறது.